கழுகுக் காசில் அரக்கோடு

எனக்கு எந்தப் பித்தும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. ஆர்மோனியம் வந்தது, போனது. தபால்தலை வந்தது, பசை காய்வதற்குள் போனது. ஒரு மழைக்காலம் முழுக்கக் கைரேகை பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பாதிப்பேருக்குக் கடல் தாண்டும் யோகம் இருப்பதாகச் சொன்னேன். அத்தனை பேரும் கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு காசு வந்தது. பழைய காசு. சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, இருபத்தாறு வயது, கல்யாணம் இல்லை, சாயங்காலங்கள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி சும்மா ஓடிக்கொண்டிருந்தன. யாரோ சொன்னார்கள் என்று அமெரிக்காவில் ஒரு காசு வியாபாரிக்குக் கடிதம் போட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு விலைப்பட்டியல் கப்பலேறி வந்து சேர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்த நாட்டின் ஆதித் தங்கக் காசுகளின் படங்கள். ஒரு பக்கம் துணித்தொப்பி போட்ட பெண், தொப்பிக்குள் அடங்காத கூந்தல், ஓரமெல்லாம் நட்சத்திரம். மறுபக்கம் மார்பில் கேடயம் மாட்டிய கழுகு. இது எத்தனை டாலர் என்று காசில் எங்கும் எழுதவில்லை. தன் மதிப்பைத் தானே சொல்லிக்கொள்ளாத அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது.

பட்டியலின் கடைசிப் பக்கங்களில் காசின் தரத்தைக் கணிக்கும் முறை இருந்தது. கை படாதது உச்சம். அதற்குக் கீழே மிகமிக நேர்த்தி, மிக நேர்த்தி, நேர்த்தி, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று படிகள். வேடிக்கை என்னவென்றால், ‘நன்று’ என்றால் அந்த உலகத்தில் முகம் முக்கால்வாசி தேய்ந்துபோனது என்று பொருள். நெற்றிக்கு மேல் முடி இழை இழையாகப் பிரிந்து தெரிகிறதா, தொப்பியின் மடிப்பு நிற்கிறதா, கழுகின் சிறகு நுனி மழுங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நான் பட்டியலை மனப்பாடம் செய்தேன். ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்கத் தங்கக் காசு. ஒன்றைக்கூட நான் கையில் தொட்டதில்லை.

அதனால் என்ன? ஊரில் கணிப்பதற்கு மற்ற பொருள் இல்லையா! எங்கள் மெஸ் சாம்பார் சுமார். கிள்ளான் ரயில் கார்டின் மீசை மிகமிக நேர்த்தி, இடப்பக்கம் லேசான தேய்வு. என் மேலதிகாரியின் கோபம் கை படாதது, அன்றாடம் புதிதாக அச்சடித்து வருவது. இப்படியே பேசிப் பேசி, பழங்காசு என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று குடியிருப்பு முழுக்க ஒரு பேர் வந்துவிட்டது. பேர் வருவதற்குப் பொருள் தேவையில்லை, வாய் போதும் என்பதை அந்த வருஷம் கண்டுகொண்டேன்.

என் நண்பன் ஒருவன் ரயில்வே ஆபீசில் பிளான் வரைகிறவன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் அவனுடைய மாமி, அதாவது அப்பாவின் அக்கா, வீட்டில் வளர்ந்தவன். அவனுக்குக் கிள்ளானில் பெண் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர்களுக்குள் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, இரு பக்கத்துச் சொந்தமும் சுற்றி உட்கார, ஒரு தங்கக் காசைப் பத்தர் உருக்குவார். அந்தத் தங்கத்தில்தான் தாலி. சாதாரணமாக எல்லோரும் ஒரு பவுனை உருக்குவார்கள். மாமியிடம் வேறொரு காசு இருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்திய அமெரிக்கப் பாதிரி ஒருவர் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலோ கொடுத்தது. தம்பி மகன் தாலிக்கு என்று முப்பது வருஷமாகப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாராம். இந்தச் சங்கதியை நண்பன் என்னிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. விட்டிருந்தால் நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு காலை அவன் ஓடி வந்தான்.

“மச்சான், உன்ர கண்ணாடியை எடுத்துக்கொண்டு கெதியா வா. மாமி பத்தரைக் கொல்லப் போறா.”

போனேன். கூடத்து வாசலில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பத்தர் நின்றிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், ஐம்பது வயது, பாசார் என்னும் சந்தைக்குப் போகும் வழியில் சின்னக் கடை. பவுன் அல்லாத காசு தாலிக்கு ஆகிற மாற்றுதானா என்று உரைத்துப் பார்க்க மாமி அவரிடம் இரண்டு நாள் கொடுத்து வைத்திருந்தார். அன்றைக்குத்தான் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். மாமி மூக்கில் புத்தம்புதிய மூக்குக்கண்ணாடி. முந்தின நாள்தான் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகப் பார்த்த பொருள்களில் அந்தக் காசும் ஒன்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஜன்னலோரம்.

“தம்பி, இஞ்ச வாரும். இதைப் பாரும். முகத்தில கோடு தெரியுதோ இல்லையோ?”

மாமி உள்ளங்கையை நீட்டினார். அந்தக் கையில் அவள் இருந்தாள். தொப்பியும் கூந்தலும் நட்சத்திரங்களும், படத்தில் கறுப்பாக இருந்ததெல்லாம் சாயங்கால வெயில் நிறத்தில். நான் வேறு உலகத்துக்குப் போய் வந்தேன். காசை எடுத்துக் கண்ணாடியில் பிடித்தேன். நெற்றி முடி பிரிந்து தெரிகிறது. தொப்பி மடிப்பு நிற்கிறது. கழுகின் சிறகில் ஒரு மெல்லிய தேய்வு மட்டும். மிக நேர்த்தி! வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அதை ஆர் கேட்டது? கோடு?” என்றார் மாமி.

கோடு இருந்தது. கன்னத்திலிருந்து தொப்பி வரை ஏழெட்டுக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, சீப்பால் வாரியது போல. தட்டான் கடையில் அரம் பார்த்தவன் எவனும் வேறு பேர் சொல்ல மாட்டான்.

பத்தர் என்னைப் பார்த்துப் பேசினார். “கிராணி ஐயா, உரைகல்லுல ஓரத்த ஒரு தொடு தொட்டதோட சரி. அரத்த நான் எடுக்கவே இல்ல. நிறுத்தும் வச்சிருக்கேன், பவுனுக்கு ஆறு குன்றிமணி கூடவே இருக்கு.”

“அராவ முந்தி எவ்வளவு கூட இருந்ததெண்டு ஆர் கண்டது?” என்றார் மாமி.

“இந்தக் கோடு முன்னாடியே இருந்திருக்கும்மா.”

“முப்பது வரியமா என்ர பெட்டியில கிடந்த காசு. எனக்குத் தெரியாதோ?”

நண்பன் மெதுவாகச் சொன்னான்: “முப்பது வரியமா நீங்கள் கண்ணாடி போடேல்லையே, மாமி.”

“மாப்பிள்ளை கதைக்கப்படாது. வாயைப் பொத்து.” மாமி என் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். படிச்சனீர்தானே.”

ஜன்னலோரப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக என் கையில் ஒரு நிஜக் காசு, என் வாய்க்காகக் காத்திருக்கும் ஒரு சபை. பூதக்கண்ணாடியை மூடி, நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமினேன்.

“அரம்தான். ஐயமே இல்லை” என்றேன்.

பத்தர் தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “சரிங்க. கண்ணாடியே சொல்லிருச்சு” என்று படியிறங்கிப் போனார்.

மாமி அடுத்த நிமிஷமே முடிவு சொன்னார். அரம் பட்ட காசு ஊனமான காசு, தாலிக்கு ஆகாது. பவுனையே உருக்கலாம். இந்தப் பத்தரும் வேண்டாம், பெண் வீட்டாரையே கிள்ளானிலிருந்து ஒரு பத்தரைக் கூட்டிவரச் சொல்லலாம். பிறகு என்னைப் பார்த்து, நான் கனவிலும் கேட்கத் துணியாத ஒன்றைத் தானாகச் சொன்னார்.

“உமக்கு இதில ஆசை போல கிடக்கு. ஒரு நல்ல பவுன் கொண்டுவந்து தந்திட்டு இதை எடும். இப்பவே கொண்டுபோம், பொன்னுருக்கண்டைக்குப் பவுன் வந்தாச் சரி.”

காசைப் பட்டுத்துணியோடு கொடுத்தார். நான் வீட்டுக்கு நடக்கவில்லை. மிதந்தேன்.

ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவளோடு குடித்தனம் நடத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலை வெயிலில் ஒரு பார்வை, ஆபீஸ் விட்டு வந்ததும் மஞ்சள் வெயிலில் ஒரு பார்வை. நட்சத்திரங்களை எண்ணினேன். கழுகின் காலில் இருந்த அம்புகளை எண்ணினேன். மூன்றாம் நாள் கண் பழகியதும், அந்தக் கோடுகள் என்னவோ சரியில்லை என்று பட்டது.

ஒரு கோடு கன்னத்தில் தொடங்கிக் கூந்தலுக்குப் போகிறது. அரம் மேலே ஓடியிருந்தால் கூந்தலை அறுத்துக்கொண்டல்லவா போயிருக்க வேண்டும்? இங்கே கூந்தல் இழை கோட்டை நசுக்கிக்கொண்டு மேலே கிடந்தது. நட்சத்திரத்தின் காலடியில் வந்த கோடு, நட்சத்திரத்துக்கு அடியில் புகுந்து காணாமல் போயிற்று. கோட்டின் பள்ளத்துக்குள் புதுப் பொன்னின் மினுக்கமும் இல்லை. முகத்தில் என்ன மங்கலோ, அதே மங்கல்.

சந்தேகத்தைத் தீர்க்க, சட்டைப்பையிலிருந்த சதுரச் செப்புக் காசொன்றை எடுத்து, பக்கத்து வீட்டில் இருந்த, இஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டரிடம் அரம் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தேன். ராஜாவின் மூக்கு போயிற்று. கோடு பளபளவென்று, விளிம்பில் பிசிறு நீட்டிக்கொண்டு, எழுத்தென்றும் பாராமல் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. இரண்டையும் அருகருகே கண்ணாடியில் வைத்தேன். செப்பில் முகத்துக்கு மேலே அரம். பொன்னில் அரத்துக்கு மேலே முகம்.

முகம் விழுமுன்பே அரம் பட்டிருக்கிறது! அப்படியானால் அராவியவன் பிரிக்பீல்ட்ஸ்காரன் இல்லை. ஓடிப்போய்ப் பட்டியலைப் புரட்டினேன். தரங்கள் முடிந்த பிறகு, எறும்பு ஊர்வது போன்ற சின்ன எழுத்தில், நான் ஒருநாளும் படிக்காத ஒரு பத்தி. அந்த ஆதி நாட்களில் காசுத் தகடு கனம் கூடிப்போனால், நாணயச்சாலையிலேயே அரத்தால் ராவிச் சரியான எடைக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் அச்சடிப்பார்களாம். அந்தக் கோடு சில காசுகளில் அப்படியே நின்றுவிடுமாம். கணிப்பவர்கள் இதைப் பிற்காலத்துக் கீறலோடு குழப்பிக்கொள்ளக்கூடாதாம். நூறு வருஷத்துக்கு முன் எவனோ ஒரு தொழிலாளி நேர்மைக்காகப் போட்ட அரத்தை, நான் ஒரு நேர்மையான ஆளின் தலையில் இறக்கிவிட்டேன்.

உடனே ஓடிப்போய் மாமியிடம் சொன்னேனா? இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. கோடு குற்றமில்லை என்றால் காசு ஊனமில்லை. காசு ஊனமில்லை என்றால் தாலிக்கு ஆகும். தாலிக்கு ஆகும் என்றால் நெருப்பு. நான் வாயைத் திறந்தால் இவள் உருகிவிடுவாள். திறக்காவிட்டால் ஒரு பவுனுக்கு என்னோடு வந்துவிடுவாள். பத்தர்தான் திருடனாக நிற்பார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பித்து பிடித்தவன் நான், ஆனால் பிடித்ததற்காக ஒருத்தனைத் தெருவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. ஒரு பவுனும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்தர் கடை வழியாக நடக்க வேண்டியிருந்தது. வேறு வழியும் இருந்தது. கால் அந்த வழிதான் போயிற்று. கல்யாண மாதம். வழக்கமாக அவர் கடைப் பலகையில் பெண்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அன்று பலகையில் ஒரு பூனை. மாமியின் கதை ரயிலேறிக் கிள்ளான் வரை போய்த் திரும்பி வந்திருந்தது. பத்தர் ஒரு வேலையும் இல்லாமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க கிராணி ஐயா. சாம்பாருக்கு மீசைக்கெல்லாம் தரம் சொல்றீங்களாமே.”

நான் பல்லைக் காட்டினேன்.

“என் பேரு இப்ப என்ன தரத்துல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன். நேத்து ஒரு அம்மா வந்து, சரிபண்ணக் குடுத்த காதுத்தோட்டத் திருப்பி வாங்கிட்டுப் போச்சு. வாங்குறதுக்கு முன்ன அதையும் கண்ணாடி வச்சுப் பாத்துச்சு. ஊருல கண்ணாடி வியாபாரம் நல்லா நடக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தராசுத் தட்டை மட்டும் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை. மாமி வீட்டுக் கூடத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு, மஞ்சளில் பிடித்த பிள்ளையார். கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் பெண்ணின் சித்தப்பாவும் சொந்தங்களும் வந்துவிட்டார்கள். அவர்களோடு வந்த கிள்ளான் பத்தர் ஒரு மூலையில் கரி மூட்டத் தயாராக இருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மாமி தட்டை நீட்டினார்: “பவுன் எங்க தம்பி?”

நான் பவுனை வைக்கவில்லை. கழுகுக் காசை வைத்தேன்; பக்கத்தில் மூக்குப் போன செப்புக் காசை வைத்தேன். சபை நடுவில் சொன்னதைச் சபை நடுவில்தான் திருப்பி எடுக்க வேண்டும். “மாமி, நான் சொன்னது பிழை. பத்தர் அரம் போடவில்லை. முகம் விழுமுன்பே பட்ட கோடு இது, கூந்தலுக்கு அடியில் ஓடுகிறது பாருங்கள்” என்றேன்.

மாமி இரண்டையும் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வைத்துப் பார்த்தார். செப்பு, பொன், செப்பு, பொன். நம்பிக்கை வரவில்லை. “கோடு கோடுதானே” என்றார். கிள்ளான் பத்தரிடம் கொடுத்தேன். அவர் காசை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“தம்பி சொல்றது சரிதான்மா. முடி கோட்டுக்கு மேல ஏறிக் கெடக்கு. மொதல்ல அரம், அப்புறந்தான் அச்சு. இது காசு பொறந்த எடத்துலயே பட்டது. எந்த ஊரு பத்தராலயும் இப்படி அடியில போய் அராவ முடியாது.” காசைத் தட்டில் வைத்தார். “அந்த மனுசனையே கூப்பிடுங்க. எனக்கு வடை போதும்.”

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப ஏன் அண்டைக்கு அரமெண்டு சொன்னனீர்?”

“தெரியாமல் சொன்னேன்.”

“தெரியாதெண்டு சொல்லத் தெரியாதோ? ஓடும். ஓடிப்போய் அந்தாளைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

ஓடவில்லை, சைக்கிள். பத்தர் வேட்டியோடு உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க மன்னிப்புக் கேட்டேன். நல்ல நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வாய் கொப்புளித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “அப்ப என் மேல குத்தம் இல்லைன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.”

“அந்தம்மாவுமா?”

“உங்களைக் கூட்டிவரச் சொன்னதே அவங்கதான் லா.”

அதற்குப் பிறகுதான் ஊதுகுழலை எடுத்தார். பின்னால் சைக்கிளில் ஏறி, ஊதுகுழலை என் தோளுக்கு மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டார். ரயில்வே குடியிருப்பு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. வேண்டுமென்றே நான் நேர்வழியை விட்டு மூன்று வரிசை சுற்றிப் போனேன். அவருக்கும் தெரிந்தது, ஊதுகுழலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

கூடத்துக்கு வந்ததும் என் கடைசிப் பல்லவியைப் பாடினேன். “மாமி, இது ரொம்ப அபூர்வமான காசு. மிக நேர்த்தி. இதை உருக்க வேண்டாம். நான் வாங்கி வைத்த பவுன் இருக்கிறது, சும்மாவே தருகிறேன், அதை உருக்குங்கள்.”

“ஊனமில்லாத காசெண்டு நீரே சொல்லிப்போட்டீர். பிறகென்ன? குறையில்லாத காசைப் பெட்டியில வச்சுப்போட்டுக் கடைப் பவுனிலயோ தாலி செய்யிறது?”

நண்பன் என் காதருகே வந்தான். “மச்சான், நீ பேசாமல் இருந்திருந்தால் அவள் உன்னட்டை இருந்திருப்பாள்.” ஒரு நொடி விட்டு, “பேசினது நல்லதுதான்” என்றான். வெற்றிலையில் காசை வைத்துப் பத்தர் கையில் கொடுத்தான்.

பத்தர் சிரட்டைக்கரியை ஊதினார். மூசை என்னும் சின்ன மண்கிண்ணத்தில் அவள் படுத்தாள், முகம் மேலே. முதலில் சிவந்தாள். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, விடியற்காலை வானம் போல. நெற்றி முடி, நான் இழை இழையாக எண்ணிய முடி, ஒரே வழுவழுப்பாயிற்று. மிக நேர்த்தியிலிருந்து நேர்த்தி, நன்று, சுமார், மோசம் என்று நூறு வருஷம் தேய வேண்டிய படிகளை ஒரு பெருமூச்சு நேரத்தில் இறங்கினாள். கடைசியாக நின்றவை அந்தக் கோடுகள்தான் என்று எனக்குத் தோன்றியது. கண்ணில் நீர் இருந்ததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன், புகை என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு ஒரு துள்ளல். கிண்ணத்தின் நடுவே ஒரு குட்டிச் சூரியன் உருண்டு நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆறியதும் பத்தர் பொன் உருண்டையை எல்லோர் கண்ணெதிரிலும் தராசில் போட்டார். முன் நிறுத்த எடையைவிட அரைக் குன்றிமணி குறைந்தது. தட்டு மெல்ல மேலே போவதை மாமி பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார்.

பத்தர் முந்திக்கொண்டார். “கிராணி ஐயா இருக்காருல்ல? அவரே சொல்லட்டும். இந்த அரைக் குன்றிமணிய யாரு எடுத்தா?”

இரு வீட்டுச் சொந்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. பொன் உருகினால் குறையுமா, எவ்வளவு குறையும் என்று என் பட்டியலில் ஒரு வரி இல்லை.

“எனக்குத் தெரியாது. பத்தரைக் கேளுங்கள்” என்றேன்.

பத்தர் என்னையே பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் முழுதாகச் சிரித்தது. “நெருப்பு எடுத்துச்சும்மா. பொன்னுல இருக்கிற செம்பு கொஞ்சம் எரியும். எந்தப் பவுன உருக்கினாலும் இது உண்டு.”

மாமி மூலையில் வடை தின்றுகொண்டிருந்த கிள்ளான் பத்தரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. “நீங்கள் சொன்னாச் சரி” என்று பத்தரிடம் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து, பொன்னுருண்டையை வெற்றிலையில் வைத்துச் சபைக்குக் காட்டக் கொண்டுபோனார்.

பெண் வீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு தன் வலக்கை வளையலைத் திருகித் திருகிக் கழற்றினார்.

“பத்தரே, இது கொஞ்சம் நெளிஞ்சு போச்சு. கிள்ளானுக்குத் திரும்பிப் போறதுக்குள்ள பாத்துத் தருவியளோ?”

பத்தர் வளையலை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டார். “சாயங்கால ரயிலுக்கு முன்ன கடைக்கு வாங்கம்மா. பலகையில பூனை இருந்தா வெரட்டிட்டு உக்காருங்க.”